காலி வருகிறது

ஓசூரில் நாங்கள் குடியேறிய வீட்டுக்காரம்மா என்னை முதல் நாள் "அம்மாயி" என்று கூப்பிட்டபோது எனக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. எங்கள் ராசிபுரம் பக்கத்தில் அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நிற்கிற என்னைப் பார்த்தா இப்படிச் சொல்கிறார் என்று உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெலுங்கில் அது பெண்பிள்ளையை அருமையாகக் கூப்பிடுவது என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகும் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

அந்த ஊர் அப்படி. கடையில் நாம் தமிழில் பருப்பு கேட்டால், கடைக்காரர் மனைவியிடம் கன்னடத்தில் எடை கேட்டுவிட்டு, எதிரே வந்தவரைத் தெலுங்கில் கேலி செய்துகொண்டே பொட்டலம் கட்டித் தருவார். அவர்களுக்கு அது மூன்று மொழியாகத் தோன்றியதே இல்லை. நான் மட்டும் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டு நின்றேன். புரியவில்லை என்று சொல்ல எனக்கு நா எழாது. நாலாவதோடு என் படிப்பை நிறுத்தினார்கள், அந்த நாலு வருஷமும் வாத்தியார் "புரிஞ்சுதா?" என்றால் முதலில் தலையாட்டுகிறவள் நான்தான். தலையாட்டாவிட்டால் எழுந்து நிற்கச் சொல்வார், எழுந்து நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள். கணக்கு, இலக்கணம் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டன. தலையாட்டும் பழக்கம் மட்டும் என்னோடு ஓசூர் வரைக்கும் வந்தது.

என் வீட்டுக்காரர் ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு கிருஷ்ணகிரியில் தங்கிவிடுவார். அந்தக் காலத்தில் ஓசூரில் எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு இடம் கிடைப்பது எளிதில்லை. இந்த அம்மா தன் வீட்டு வளாகத்தின் பின்பக்கத்தில் இருந்த ஓட்டு அறையை எங்களுக்கு விட்டிருந்தார். அவருடைய கணவர் மாங்காய்க் காலம் முழுக்க வேப்பனப்பள்ளித் தோப்பிலேயே காவலிருப்பார். வீட்டில் அந்த அம்மாவும், மாடு கன்றைப் பார்த்துக்கொள்ளும் கன்னடத்துப் பெரியவர் ஒருவரும், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளும்தான். மகளுக்குப் பொங்கல் கழித்துக் குழந்தை பிறந்தது. இன்னும் பேர்கூட வைக்கவில்லை.

அதே சமயத்தில்தான் என் மகளுக்குக் கக்குவான் இருமல் பிடித்தது.

கக்குவான் இருமலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். விடாமல் இருமி, மூச்சு முட்டி, கடைசியில் சேவல் கூவுவதுபோல் ஓர் இழுப்பு இழுக்கும். பிறந்த குழந்தைக்கு ஒட்டிக்கொண்டால் பிழைப்பது கடினம் என்பார்கள். ஒரு சுவர் தள்ளிப் பச்சைக் குழந்தை இருக்கிறது. தெரிந்தால் அன்றைக்கே எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், அனுப்பாவிட்டால்தான் ஆச்சரியம். ஆகவே நான் மறைத்தேன். இருமல் கிளம்பும்போது குழந்தையின் முகத்தை என் மாரோடு சேர்த்து அழுத்திக்கொள்வேன். அது திமிறும். அழுத்திக்கொண்டே ஏதாவது பாட்டை உரக்கப் பாடுவேன். வீட்டுக்காரம்மா கிணற்றடியில் ஒருமுறை, "என்ன அம்மாயி, பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"தூசுங்க. அரிசி பொடைச்சேன், தூசு ஏறிக்கிச்சு" என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எதையும் அதன் மோசமான முடிவு வரைக்கும் நடத்திப் பார்த்துவிடுகிற மனசு எனக்கு. பாத்திரம் கழுவும்போது, துணி அலசும்போது, ஒவ்வொரு நாளும் அவர் வந்து எங்களைப் போகச் சொல்வதை மனசுக்குள் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொல்வார், நான் என்ன பதில் சொல்வேன், எதை முதலில் கட்டுவேன் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி.

மாசி முடியப்போகிற நாட்கள். அங்கே அப்போதும் விடியற்காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். மதியம் ஓட்டுக்கூரை சுடும். வேப்பனப்பள்ளித் தோப்பிலிருந்து வீட்டுக்காரம்மாவின் கணவர் ஆள்மூலம் ஏதோ சொல்லி அனுப்பியிருந்தார். வந்த ஆள் போனதும் வீட்டுக்காரம்மா மாட்டுக்கொட்டாயிலிருந்து என் வாசலுக்கு வேகமாக வந்தார். எப்போதும் என்னிடம் இழுத்து இழுத்துத் தமிழில்தான் பேசுவார். அன்றைக்கு அவசரம். அவசரம் வந்தால் யாருக்கும் அவரவர் மொழிதானே வரும்?

"பெத்த காலி ஒஸ்துந்தி அம்மாயி. ரேப்பு சாயந்தரம் லோபல. இல்லு பத்ரம். சாமான்லு அந்தா தீஸி பெட்டுகோ."

பெரிய காற்று வருகிறது பெண்ணே, நாளை சாயங்காலத்துக்குள். வீடு பத்திரம். சாமானெல்லாம் எடுத்து வைத்துக்கொள். இவ்வளவுதான் அவர் சொன்னது, தோப்பில் வானக்குறி பார்த்துக் கணவர் அனுப்பிய சேதி. காலி என்றால் தெலுங்கில் காற்று. அந்த வட்டாரத்தில் தவழும் குழந்தைக்கும் அது தெரியும். தீபாவளிக்குப் பிறகு வந்த எனக்கு, காற்றே அடிக்காத அந்த மாதங்களில், அந்தச் சொல் காதில் விழ வேளை வரவில்லை. இல்லு வீடு என்று தெரியும். ரேப்பு நாளை என்று தெரியும். சாமான் எல்லோருக்கும் சாமான்தான். காலி எங்கள் பேச்சில் என்ன? வீட்டைக் காலி பண்ணு என்கிறோமே, அது.

நாளைச் சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு போ.

நான் தலையாட்டினேன்.

"புரிஞ்சுதா?" என்று தமிழில் கேட்டார். அதற்கும் ஆட்டினேன்.

அன்று என் வீட்டுக்காரருக்குக் கிருஷ்ணகிரியில் தங்கல். மறுநாள் மாலைதான் வருவார். யாரிடமும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால், வீட்டை விட்டு எங்களைத் துரத்துகிறார்கள் என்பது தெருவுக்குத் தெரியும். குழந்தைக்கு என்ன என்று அடுத்த கேள்வி வரும். சத்தமில்லாமல் மூட்டை கட்டி, பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து, அவர் பஸ் வந்ததும் அதிலேயே ஏறி எங்காவது போய்விடுவது என்று முடிவு செய்தேன். எங்கே என்று மட்டும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் தெருவே பரபரப்பாக இருந்தது. வறட்டியைக் கூடையில் அள்ளி உள்ளே கொண்டு போனார்கள். கேழ்வரகுத் தாள் போரைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்கள். கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்து, பஞ்சாரத்தையே தூக்கி வீட்டுக்குள் வைத்தார்கள். கூரைமேல் கல் ஏற்றினார்கள். நான் எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றும் எனக்குள் ஏறவில்லை. ஏதோ திருவிழா போலிருக்கிறது, ஊரே வீட்டை ஒழுங்கு பண்ணுகிறது, நமக்குத்தான் வீடில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் உள்ளே கொண்டுபோக, நான் வெளியே கொண்டுவந்தேன். தகரப் பெட்டி, சீதனத்துக்கு வந்த பித்தளை அண்டா, அரிசிப் பானை, சுருட்டிய பாய், பருத்தி வெடித்து வெளியே தள்ளிய மெத்தை. அந்த மெத்தையைப் பகலில் யாரும் பார்க்கக்கூடாது என்று எப்போதும் சேலையைப் போர்த்தி வைத்திருப்பேன். அன்றைக்கு அந்தச் சேலையிலேதான் பாத்திரத்தைக் கட்டியிருந்தேன். எதிர் வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு ஆள் பேரிகை ஊர்ச் சந்தையில் வளையல் கடை போடுகிறவர். அன்று சந்தைக்குப் போகாமல் வண்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மிளகாயை வாரிக்கொண்டே என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இன்னா அக்கா, ஊரே உள்ள எடுத்து வெச்சிக்கினு கீது, நீ வெளிய எடுத்தாந்து வெக்கிற? கண்காட்சியா?"

"ஆமா" என்றேன்.

"மெத்தைய மூடு அக்கா, மானம் போவுது" என்று சிரித்தாள்.

அவளுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது, அதனால்தான் குத்துகிறாள் என்று எனக்குப் பட்டது. அவளை முறைத்துவிட்டு உள்ளே போனேன். 'எதற்கு எடுத்து வைக்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்டிருந்தால் அவள் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பாள்.

குழந்தையை எடுக்க உள்ளே நுழைந்தபோது தலைக்குமேல் ஓடு அசையும் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். ஓரிடத்தில் ஓடு விலகி வெளிச்சம் விழுந்தது. அடுத்த ஓடும் விலகியது.

குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். கன்னடத்துப் பெரியவர் ஏணி வைத்து ஏறி, எங்கள் அறையின் கூரைமேல் குந்தியிருந்தார். பக்கத்தில் வைக்கோல் கட்டு. பெரிய காற்றோடு வரும் ஆலங்கட்டிக் கல்மழைக்கு அங்கே அப்படித்தான் செய்வார்கள். உடைந்த ஓட்டை மாற்றிவிட்டு, மேலே வைக்கோலைப் பரப்பிக் கயிறு கட்டிவிட்டால் கல் விழுந்தாலும் ஓடு தாங்கும். என் கண்ணில் வைக்கோல் படவில்லை. ஓடு பிரிவதுதான் பட்டது.

"எறங்குங்க! எறங்குங்கங்கறேன்! நாந்தான் போறனில்ல? ஆளு உள்ள இருக்கையிலயே ஓட்டப் பிரிக்கறீங்களே, அடுக்குமாங்க இது?"

"ஒடெத ஹெஞ்சு தெகீபேக்கம்மா" என்றார் அவர், நிதானமாக. உடைந்த ஓட்டை எடுக்க வேண்டும் அம்மா என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது உடைப்பதும் எடுப்பதும்தான்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா வந்தார். தலையில் துண்டு, கையெல்லாம் வைக்கோல் தூசி. "ஏமாயிந்தி? என்னாத்துக்குக் கத்தறே?" என்றார். எதிர் வீட்டிலிருந்தும் பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். அவ்வளவு பேர் பார்த்தால் நான் வாயடைத்துப் போகிறவள். அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ வாய் வந்தது.

"எம்புள்ளைக்கு இருமல்னுதானுங்க வெரட்டறீங்க? ஒங்கூட்லயும் ஒரு பச்சப்புள்ள இருக்குதில்ல? நல்லா இருந்துருவீங்களா? ஒங்கூட்டு மேல கல்லு உழ!"

சொன்னதோடு நிற்கவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி அந்த வீட்டைப் பார்த்துத் தூற்றினேன். பிரசவ அறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது.

வேலியோரம் நின்றவர்கள் "அய்யய்யோ" என்றார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு என் வேகமான பேச்சில் பாதிதான் விளங்கியிருக்க வேண்டும். மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைத் தூக்கி வடக்கே வானத்தைப் பார்த்தார்.

"உழும். யாரு இல்லேன்னா? சாயந்தரத்துக்குள்ள உழும்" என்றார். "எங்கூட்டு மேலயும் உழும், உங்கூட்டு மேலயும் உழும். அதுக்குத்தானே நேத்தே வந்து சொன்னேன்? நீ எதுக்கு எல்லாத்தையும் வெளிய வெச்சிருக்கே?"

அவர் வானிலையைச் சொன்னார். நான் அதை எதிர்ச்சாபமாக எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தோம், அதுதான் வேடிக்கை. என் பிள்ளை தலைமேலும் கல் விழும் என்கிறாளே இவள் என்று எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. குழந்தையோடு போய் ஏணியின் அடியில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். "இனி ஒரு ஓட்ட எடுத்துப் பாருங்க" என்றேன். பெரியவர் எங்கள் கூரையில் வேலையை முடித்துவிட்டு என் தலைக்குமேல் ஒரு படியில் கால் வைத்துக்கொண்டு, இறங்கவும் முடியாமல், ஏணியை வீட்டுக்காரம்மா இருந்த பெரிய வீட்டுப் பக்கம் நகர்த்தவும் முடியாமல் நின்றார். பெரிய வீட்டுச் சமையற்கட்டுக்கும் மாட்டுக்கொட்டாய்க்கும் போட வேண்டிய வைக்கோல் கட்டுகள் என் பக்கத்திலேயே கிடந்தன. அவற்றில் ஒன்றின்மேல்தான் நான் சாய்ந்திருந்தேன்.

"அம்மாயி, லே, எந்திரி. ஏணி வேணும்" என்று வீட்டுக்காரம்மா கெஞ்சினார். கெஞ்சக் கெஞ்ச எனக்கு வீம்பு ஏறியது.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ. வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு பச்சை கலந்த ஒரு கருப்பாகியது. காக்கைகள் கத்துவதை நிறுத்தின. வேலியோரம் நின்றவர்கள் ஓடினார்கள். முதலில் காற்றுதான் வந்தது. என் பாய் எழுந்து நின்றதைப் பார்த்தேன். யாரோ கூப்பிட்டதுபோல் எழுந்து, வேலியைத் தாண்டித் தெருவில் போனது. வெடித்த மெத்தையிலிருந்து பஞ்சு கிளம்பி வளாகம் முழுக்கப் பறந்தது. அண்டா உருண்டது. பிறகு பக்கத்தில் எங்கோ டக்கென்று ஒரு சத்தம். இன்னொன்று. தகரப் பெட்டியின்மேல் ஒன்று விழுந்து துள்ளி என் மடியில் வந்து விழுந்தது. கோலிக்குண்டைவிடப் பெரிய ஆலங்கட்டி. என் மகள் அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

அடுத்த நொடி என் தோளில் ஒரு கை விழுந்தது. வீட்டுக்காரம்மா தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு கையால் என்னையும், என்னோடு சேர்த்துக் குழந்தையையும் இழுத்துக்கொண்டு ஓடினார். பெரியவர் எப்படி இறங்கினார் என்று தெரியாது; எங்களுக்கு முன்னால் அவர் கொட்டாய்க்குள் இருந்தார். வீட்டுக்காரம்மா வாசற்படி ஏறியதும் திரும்பி, இரும்புப் பூண் போட்ட உலக்கையையும் ஓர் அரிவாளையும் எடுத்து முற்றத்தில் வீசினார். இரும்பைக் கண்டால் கல்மழை அடங்கும் என்பது அவர்கள் வழக்கம். நான் மண்ணை வீசிய இடத்திலேயே உலக்கை போய் விழுந்தது.

உள்ளே கூடத்தில் அவருடைய மகள் தன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே, அந்தக் குளிர்காற்று பட்டதும், என் மகளுக்கு இருமல் கிளம்பியது. கூரையில் கல் விழும் சத்தத்தையும் மீறி அந்த இழுப்பு கேட்டது. நான் அவள் முகத்தை மாரோடு அழுத்தப் போனேன். வீட்டுக்காரம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"மூச்சு விடட்டும்! கொல்லப் போறியா?"

எங்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கேழ்வரகுக் குதிர் வைத்திருக்கும் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். இருட்டு. என் மகள் இருமி முடித்து, களைத்து, என் தோளில் சாய்ந்தாள். சமையற்கட்டுப் பக்கம் ஓடு உடைந்து விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாக இல்லை, சேர்ந்தாற்போல் கேட்டது. எங்கள் அறைப் பக்கம் சத்தமே இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூரைச் சத்தம் மட்டுப்பட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மாவின் மகள் கேட்டாள்:

"அம்மா, காலி தக்கிந்தா?"

"தக்கிந்தி, தக்கிந்தி. காலி போயிந்தி. வான மாத்ரம் உந்தி."

காலி குறைந்ததா? குறைந்தது, காலி போய்விட்டது, மழை மட்டும் இருக்கிறது.

நான் குதிரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலி போய்விட்டது. போனது வீடு இல்லை, ஆள் இல்லை. காலி என்றால் காற்று. முந்தின நாள் வாசலில் அவர் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து மறுபடி அடுக்கிப் பார்த்தேன். பெத்த காலி. இல்லு பத்ரம். பத்ரம் என்றால் பத்திரம்தான், அதற்கு மொழியே தேவையில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் என் காது அன்றைக்கு உள்ளே விடவில்லை. கதவைத் திறக்காமல் இருந்தால் தேவலை, இங்கேயே இந்தக் கேழ்வரகோடு கிடந்துவிடலாம் என்று தோன்றியது.

கதவைத் திறந்தார்கள். வெளியே முற்றம் முழுக்க வெள்ளையாக இருந்தது. உப்பளத்தில் உப்பை வாரிக் கொட்டியதுபோல் வாசல், வேலி, தெரு எல்லாம் வெண்மை. மாவிலையும் வேப்பிலையும் கிழிந்து அதன்மேல் கிடந்தன. நசுங்கிய இலை வாசனை குளிரோடு வந்தது. ஜனங்கள் செம்பிலும் சட்டியிலும் ஆலங்கட்டியை வாரிக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளைக்கு நடுவே என் குடும்பம் பரப்பிக் கிடந்தது. பெட்டி திறந்து, என் உள்பாவாடைகள் வேலி முள்ளில் மாட்டியிருந்தன. அரிசிப் பானை உடைந்து அரிசியும் ஆலங்கட்டியும் ஒன்றாகக் கலந்திருந்தன. எது எது என்று தெரியவில்லை, கரைந்த பிறகுதான் தெரிந்தது.

எதிர் வீட்டுக்காரி என் பாயைத் தெருமுனையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. வேலி முள்ளிலிருந்து என் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆண்கள் கண்ணில் படாமல் தன் முந்தானைக்குள் சுருட்டிக் கொடுத்தாள். "இன்னாத்துக்கு அக்கா எடுத்தாந்து வெச்ச?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"காலின்னு சொன்னாங்க" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அது அவள் வாயோடு நிற்கிற விஷயமா?

எங்கள் அறையில் ஓர் ஓடுகூட உடையவில்லை. வைக்கோல் நனைந்து கனத்து அப்படியே படிந்திருந்தது. பெரிய வீட்டின் சமையற்கட்டுக் கூரை பல்லுப்போன வாய்போல் இருந்தது. அடுப்பில் தண்ணீர் நின்றது. கொட்டாயில் ஒரு கன்றுக்குக் கொம்பு முளைக்கும் இடத்தில் அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தது. அந்த அம்மா ஈரத்தில் நின்று ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் குந்திப் பொறுக்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "கால்ல குத்திக்கப் போறே, செருப்புப் போட்டுட்டு வா" என்றார்.

பஸ் வருகிற வழியில் சானமாவுக் காட்டில் மரங்கள் விழுந்து ரோடு அடைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு வரவில்லை. மறுநாள் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் மாட்டு வண்டியிலுமாக வந்து சேர்ந்தார். பஸ் ஸ்டாண்டிலேயே ஊர்க்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்களாம்.

"கண்டக்டர் சார், உங்க வீட்டம்மா வாயத் தொறந்தா கல்லு உழுதாமே! எங்க ஏரிக்குக் கொஞ்சம் மழைய மட்டும் கேட்டு வாங்கித் தாங்களேன்."

வீட்டுக்கு வந்து, வேலியெல்லாம் காய்கிற எங்கள் துணிகளைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "ஒரு வார்த்தை யாரையாச்சும் கேட்டிருக்கலாமில்ல?" என்று மட்டும் கேட்டார். கேட்டிருக்கலாம். அந்த நாலு வருஷத்திலும் வாத்தியாரைக்கூடக் கேட்டிருக்கலாம்.

முகம் கழுவிக்கொண்டு அவர் பெரிய வீட்டுக்குப் போனார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். "நாங்க வேற எடம் பாத்துக்கறமுங்க. எந்த மொகத்த வெச்சுக்கிட்டு இங்க இருக்கறது?" என்றார்.

வீட்டுக்காரம்மா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"இருமல் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? மொத நாளே தெரியும். என் மகளை அந்தக் கோடி அறைக்கு எதுக்கு மாத்தினேன்? உகாதி போனதும் நானே உங்களைப் போகச் சொல்லலாம்னுதான் இருந்தேன்." பாக்கை வாயில் போட்டுக்கொண்டார். "இப்ப எப்படிச் சொல்றது? சொன்னா, இவ சாபத்துக்குப் பயந்து அனுப்பிட்டான்னு ஊர் சிரிக்கும். நீங்களா போனா, பச்சைப் புள்ளைக்காரிய வெரட்டிட்டான்னு சிரிக்கும். ரெண்டும் எனக்கு வேண்டாம். இருங்க. இருமல் நிக்கற வரைக்கும் பாப்பாவக் கிணத்தடிக்குத் தூக்கிட்டு வரக்கூடாது. தண்ணி அந்தப் பெரியவர் கொண்டாந்து வெப்பார். கழுதைப் பால் குடுத்தியா?"

"இல்லைங்க" என்றேன்.

"மூஞ்சிய மூடத் தெரியுது, அது தெரியல."

அப்படி எங்களுக்கு வீடு மிஞ்சியது. மன்னித்து இருக்கச் சொல்லியிருந்தால் நான் அழுது காலில் விழுந்திருப்பேன், அதோடு மனசு கழுவிப் போயிருக்கும். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அந்த வாரத்திலேயே வீட்டுக்காரம்மாவின் கணவர் வேப்பனப்பள்ளியிலிருந்து வண்டியில் கோணிப்பைகளோடு வந்தார். எல்லாம் பிஞ்சு மாங்காய். கல் அடித்து உதிர்ந்தவை. அந்த வருஷத்து விளைச்சல் அவ்வளவுதான். தெரு முழுக்கப் பங்கு போட்டு அனுப்பினார்கள். எங்களுக்கும் ஒரு கூடை வந்தது. "உப்புப் போட்டு வெச்சுக்கோ, வருஷத்துக்கு வரும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கழுவிக் காம்பு எடுக்கும்போது ஒவ்வொரு பிஞ்சிலும் கல் பட்ட கருப்புத் தழும்பு இருந்தது. ஊறுகாய் நன்றாகத்தான் வந்தது. என் வீட்டுக்காரர் ருசித்துச் சாப்பிட்டார். நான் அந்த ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் வாய் கேட்டதை வாங்கி, உப்புப் போட்டு, என் வீட்டிலேயே வைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

என் மகளின் இருமல் வெயில் ஏற ஏற அடங்கியது. அந்த வீட்டுப் பச்சைக் குழந்தைக்கு ஒட்டவில்லை. அது ஒன்றுதான் அந்த வருஷம் நான் நிம்மதியாக மூச்சு விட்ட செய்தி. தெருவில் எனக்குக் காலியம்மா என்று பேர் வந்து நிலைத்தது. தமிழில் சொன்னாலும் தெலுங்கில் சொன்னாலும் பொருந்துகிற பேர். பிள்ளைகள் கூப்பிட்டுவிட்டு ஓடும். அதற்கெல்லாம் பழகிவிட்டேன்.

பழகாதது வேறொன்று. அடுத்த மாசியில் ஒரு மத்தியானம் வடக்கே இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரம்மா முற்றத்தில் நின்று பெரியவரைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் நிறுத்தினார். வார்த்தையைத் தேடினார். பிறகு, வீட்டில் வேலை செய்யும் அந்தக் கன்னடத்து மனிதரிடம், தமிழே சரியாக வராத அவரிடம், தனக்கும் சரியாக வராத தமிழில் சொன்னார்:

"காத்து. பெரிய காத்து வருது. ஏணி எடு."

பெரியவர் விழித்தார். நான் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஏணியை எடுத்து, பெரிய வீட்டுச் சமையற்கட்டுச் சுவரில் சாத்தினேன். அந்த வீட்டில் நாங்கள் இருந்த காலம் வரைக்கும், நான் காதுக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அவர் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சொல்.